பிள்ளையார் ஏறிய பஸ்

கிளென் ஈடனில் எங்கள் தெருவில் நின்று நவரத்தினம் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பழைய பஸ் நிற்கிற வீடு எது என்று கேட்டால் தெருநாய்கூடக் கூட்டிக்கொண்டு போய் விடும்.

அந்த வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தவன் நான். எங்கள் ஊரில் முதல் பட்டதாரி. பௌதிகவியலில் பி.எஸ்சி. இதை நான் எங்கேயாவது சொல்லாமல் விட்டால் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். இப்போது சொல்லியாகிவிட்டது. இனி நவம் அண்ணையின் கதைக்குப் போகலாம்.

நவம் அண்ணை கொழும்பில் நீர்ப்பாசன இலாகாவில் படம் வரைகிறவராக இருந்தவர். இலாகா ஜீப்பில் ஏறி வன்னியில் உள்ள குளங்களை எல்லாம் சுற்றியவர். ஆனால் அந்த ஜீப்பின் ஸ்டியரிங்கைத் தொட ஒருநாளும் அவரை விடவில்லை. அதற்கென்று இலாகா ஒரு சாரதியை வைத்திருந்தது. அந்தச் சாரதி வாழ்நாள் முழுக்கத் தன்னைச் சாக்கு மூட்டை மாதிரி ஏற்றி இறக்கினான் என்று இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்வார். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை வீட்டை விட்டு ஓடும்போதும் அப்படித்தான் ஆனது. மனைவி ரதிதேவியையும் மகள் உஷாவையும் கூட்டிக்கொண்டு, யாரோ ஒருவருடைய லொறியில், உண்மையான வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு போனார். கையில் ஒரு சூட்கேஸும், ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாத ஒரு மேசை விளக்கும் இருந்தன.

நியூசிலாந்தில் ஓக்லாந்துக்கு வந்து காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் வேலையெடுத்தார். அங்கே நவரத்தினம் ஒரு கிழமைக்குள் 'நெவ்' ஆனார். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் மற்றத் தமிழர்கள் ஜப்பான் கார் வாங்கினார்கள். இவர் பஸ் வாங்கினார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓடிய சின்னப் பஸ். பிறகு அதை வாங்கிய ஒருவர் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பூட்டி ஓடும் வீடாக மாற்றியிருந்தார். பின்பக்க மூலையில் அலுமாரி அளவில் ஒரு கக்கூஸும் இருந்தது.

“அடுத்த முறை வெளிக்கிட வேண்டி வந்தா வீட்டோடை வெளிக்கிடுவன்” என்பார் அண்ணை.

இந்த ஊரில் யார் உங்களைக் கலைக்கப்போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒருத்தரும் கலைக்க வேண்டாம். வெளிக்கிடலாம் எண்டு இருந்தாக் காணும், நித்திரை வரும்.”

ரதி அக்காவின் நியாயம் நேர் எதிர். எனக்கு ஓடினது காணும் என்பார். சில்லு இல்லாத வீடு, அசையாத கட்டில், நிலத்தில் வேர் விட்ட கறிவேப்பிலைக் கன்று, இவைதான் அவருக்கு வேண்டும். (கறிவேப்பிலை இந்தக் குளிருக்கு வேர் விட மறுத்துக்கொண்டிருந்தது. அது வேறு சண்டை.) ஆனாலும் பஸ் வாசலுக்கு வந்த நாள் ஏறிப் பார்த்தார். அடுப்புக்கு இரண்டு எட்டில் கக்கூஸ் இருப்பதைக் கண்டார். சமைக்கிற கூரைக்குக் கீழேயே அந்தச் சங்கதியுமா என்று கேட்டு, அண்ணையைக் கொண்டே அதைக் கழற்றி வெளியே எடுப்பித்தார். அந்த அலுமாரியை மஞ்சள் தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார். வெறுமையாக விட்டால் அண்ணை அதற்குள் ஸ்பானர் அடுக்குவார் என்று பயந்து, பிள்ளையார் படம் ஒன்றை வைத்து, குத்துவிளக்கும் கைமணியும் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பஸ் கோயில். உள்ளே செருப்புப் போட முடியாது. முட்டை பொரிக்க முடியாது. உஷா தன் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில் டூனா மீன் சான்ட்விச் வைத்திருந்த நாளில் பஸ்ஸுக்குத் தீட்டுக் கழித்துப் புண்ணியதானம் நடந்தது. அவசரமென்றால் சுற்றுலா முகாம்களில் உள்ள பொதுக் கக்கூஸுக்கு ஓட வேண்டும். ஒருமுறை ஒரு முகாமில் பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரக் கிழவர் அவசரத்தில் எங்கள் பஸ்ஸுக்குள் ஏறி, வழக்கமாகக் கக்கூஸ் இருக்கிற மூலையில் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யானை முகத்தோடு ஒருவர் அவரை நேருக்கு நேர் பார்த்தார். கிழவர் “சாரி, மேட்” என்று சொல்லிக் கதவை மெல்லச் சாத்திவிட்டு இறங்கிப் போனார். அவ்வளவு மரியாதையோடு பிள்ளையாரிடம் விடைபெற்ற ஒருவரை நான் எங்கள் ஊரிலும் கண்டதில்லை.

பஸ்ஸுக்கு ஒரேயொரு குறை. வீடு திரும்பும்போது அது களைத்துவிடும். போகும்போது பாடிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது ஏதாவது ஒரு ஏற்றத்தில் நின்றுவிடும். அதற்குள் பல முறை இழுவை லொறியில் கொழுவி ஊர்வலமாக வீட்டுக்கு வந்திருந்தோம். கடைசி ஊர்வலம் நியூ லின் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, பக்கத்தில் குலசிங்கத்தாரின் கார் வந்து நின்றது. குலசிங்கத்தார் பிளாக்ஹவுஸ் பேயில் இருப்பவர். ஊரில் தங்கள் குடும்பத்துக் கோயிலில் தேர் வடத்தில் முதல் கை வைக்கிற உரிமை தங்கள் பரம்பரைக்கு என்று எந்தக் கதையிலும் கொண்டுவந்து செருகுவார். அவர் கண்ணாடியை இறக்கி, “என்ன நவம், கக்கூஸ் பிள்ளையார் எங்கை எழுந்தருளுறார்?” என்று கேட்டார். பச்சை விழும்வரை சிரித்தார்.

அன்றிரவு ரதி அக்கா அந்த அலுமாரிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி அண்ணையைக் கூப்பிட்டார். இன்னொரு முறை இந்த வாகனத்தைக் கயிறு கட்டி இழுக்கிற நிலை வந்தால், அடுத்த திங்கட்கிழமை பேப்பரில் விளம்பரம் போட்டு விற்றுவிட வேண்டும் என்றார். அண்ணை கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினார். உள்ளங்கை இரண்டு நாள் சிவந்திருந்தது.

இது எண்பத்தெட்டு சித்திரையில். வைகாசி விடுமுறைக்குக் கெரிகெரிக்குப் போனோம். நான் சொல்ல வந்தது திரும்பி வந்த நாளின் கதை.

திரும்புகிற நாள் சனிக்கிழமை. அன்றைக்குப் பின்னேரம் எங்கள் வீட்டில் கூட்டுப் பிரார்த்தனை. கோயில் இல்லாத ஊரில் தமிழ்க் குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் பஜனை வைக்கும். அந்த மாத முறை எங்களுடையது. ஐந்து மணிக்குச் சனம் வந்துவிடும். அதிலே ஒரு சங்கடம் இருந்தது. அலுமாரிக்குள் நிரந்தரமாக இருந்த பிள்ளையார் படத்தின் கண்ணாடி வெடித்துவிட்டதால், ரதி அக்கா வீட்டுச் சாமியறையில் இருந்த பெரிய பிள்ளையாரையே பஸ்ஸில் ஏற்றியிருந்தார். பஜனைக்கு நடுநாயகமாக வைக்க வேண்டிய படம் அதுதான். அதாவது, சாமியே எங்களோடு சுற்றுலாவில் நின்றது.

காலையில் எலுமிச்சங்காய் இல்லாமல் சில்லு உருளாது என்று அக்கா நின்றார். கெரிகெரியில் அந்த நேரத்தில் எலுமிச்சங்காய் கிடைக்கவில்லை. மண்டரின் தோடம்பழம்தான் மரம் முறிகிற அளவுக்குக் காய்த்துக் கிடந்தது. நாலு மண்டரின் வைத்து நசுக்கினோம். பழுதில்லை, பிள்ளையாருக்குப் புளிப்பை விட இனிப்புத்தானே பிடிக்கும் என்றார் அண்ணை.

“உங்கட பிள்ளையாருக்கு என்ன பிடிக்கும் எண்டு பிரின்டர்வின் மலையிலை தெரியும்” என்றார் அக்கா.

வடக்கிலிருந்து ஓக்லாந்துக்கு வருகிறவன் பிரின்டர்வின் மலையைத் தாண்டித்தான் வரவேண்டும். வளைந்து வளைந்து ஏறுகிற றோட். அந்த மலையை நினைத்தே அண்ணை காவாகாவா தாண்டுவதற்குள் இரண்டு முறை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டார்.

என் வேலை என்னவென்று இங்கே சொல்ல வேண்டும். பஸ்ஸின் கைப் பிரேக் ஒரு அலங்காரம். ஏற்றத்தில் நின்றால், பின்கதவால் குதித்து, பூரிரி என்கிற வன்மரத்தில் ஆப்பு மாதிரி வெட்டிய ஒரு சறுக்குக்கட்டையைப் பின்சில்லுக்குக் கீழே வைக்க வேண்டும். புறப்பட்டதும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏற வேண்டும். எங்கள் ஊர்த் தேரில் சறுக்குக்கட்டை போடுகிறவர் என் சொந்த மாமா. படித்துப் பட்டம் வாங்கி, சமுத்திரம் தாண்டி வந்து, அதே கட்டையோடு நான் நின்றேன்.

அண்ணை கண்ணாடியில் பார்த்துக் கூப்பிடுவார்: “பி.எஸ்சி., கட்டை!”

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

பிரின்டர்வின் மலையில், பாதி ஏற்றத்துக்கு மேலே, முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. நான் குதித்துக் கட்டை வைத்தேன். ரேடியேட்டர் வற்றிப்போயிருந்தது. தண்ணீர்த் தொட்டியும் வெறுமை, ஏனென்றால் அக்கா காலையில் விளக்குப் பாத்திரங்களை ஆற அமரக் கழுவியிருந்தார். மிச்சம் இருந்த ஒரே தண்ணீர் பிள்ளையாருக்கு முன்னால் இருந்த செம்புக்குள். அண்ணை அந்தப் பக்கம் திரும்பினார். அக்கா எழுந்து போய் அலுமாரிக் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்துகொண்டு நின்றார்.

அப்போதுதான் ஆட்டு லொறி ஒன்று எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் அரைக் காற்சட்டையும் நீள றப்பர் சப்பாத்தும் போட்ட பெரிய மனுஷன். முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் சுருட்டிய கயிறு.

நம்மை அழிக்க எதிரி தேவையில்லை. இரக்கமுள்ள ஒரு நியூசிலாந்துக்காரனின் கையில் ஒரு கயிறு இருந்தால் போதும். மேலே ஏற்றிவிடுகிறேன், இரண்டு நிமிஷ வேலை, காசு வேண்டாம், நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே முன்பக்கம் போய்க் குனிந்தார். அண்ணை ஓடிப்போய் பம்பருக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். வேண்டாம் என்றார். அவர் பரவாயில்லை என்றார். வேண்டவே வேண்டாம் என்றார். அவர் சிரமமே இல்லை என்றார். கடைசியில் அண்ணை நெஞ்சில் கை வைத்து, இங்கிலீஷில், எங்கள் சமயத்தில் கயிறு தடை என்று சொல்லிவிட்டார்.

லொறிக்காரர் கயிற்றைப் பார்த்தார். பஸ் கதவில் வரிசையாகக் கழற்றி வைத்திருந்த செருப்புகளைப் பார்த்தார். ஆழமாகத் தலையாட்டினார். கயிற்றை ஏதோ தீட்டுப் பொருள் மாதிரி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போய் லொறிக்குள் போட்டுவிட்டு, தன் தண்ணீர்க் கானைக் கொண்டுவந்தார். தண்ணீர் பரவாயில்லையா என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றினார்.

பஸ் மலையேறியது. அக்கா அலுமாரிக் கதவை விட்டு வந்து அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தார். பிறகு கேட்டார்:

“எங்கட சமயத்திலை கயிறு தடையோ?”

“அந்த நேரத்துக்கு வாயிலை வந்ததைச் சொன்னனப்பா.”

“ஆர் கேட்டாலும் இனி அப்படித்தான் சொல்லோணும். மாத்தக் கூடாது.”

அவர் அதை எங்கோ முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார் என்பது எனக்கு விளங்கியது. அண்ணைக்கு விளங்கவில்லை. மலை தாண்டிய சந்தோஷத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

வெல்ஸ்ஃபோர்டில் சிப்ஸ் வாங்கினோம். மீன் பொரித்த அதே எண்ணெயா என்று விசாரித்து, ஓம் என்று தெரிந்ததும், அக்கா அதைப் பஸ்ஸுக்கு வெளியில் நின்று சாப்பிடச் சொன்னார். உஷா அப்போதுதான் பதின்மூன்று வயதைத் தொட்டிருந்தாள். ஓக்லாந்து நெருங்க நெருங்கத் தன் வகுப்புப் பிள்ளைகள் யாராவது காண்பார்கள் என்று ஆசனத்திலிருந்து வழுகிக் கீழே இறங்கிக்கொண்டே வந்தாள். ஒரேவா வரும்போது கண் மட்டும் வெளியில் இருந்தது. துறைமுகப் பாலம் வந்தபோது முழுதாக நிலத்தில் கிடந்தாள். டாட், ஏன் மற்ற ஆட்கள் மாதிரி மோட்டலில் நிற்கக் கூடாது என்று இங்கிலீஷில் கேட்டாள். மோட்டல் ஓடுமா என்று அண்ணை தமிழில் கேட்டார்.

பாலம்தான் கடைசிக் கண்டம். அந்தப் பாலம் நடுவில் ஒட்டக முதுகு மாதிரி உயர்ந்திருக்கும். அதில் நின்றுவிட்டால் யாரும் உங்களிடம் விருப்பம் கேட்பதில்லை. இழுவை லொறி தானே வந்து கொழுவிக்கொண்டு போய்விடும். அண்ணை சின்னக் கியரில் போட்டார். பஸ் நத்தை மாதிரி ஏறியது. பின்னால் கார்கள் கூவின. நான் சறுக்குக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு பௌதிகவியலை நினைத்தேன். அது ஒரு ஆறுதலும் தரவில்லை.

அப்போது அக்காவைப் பார்த்தேன். பஸ் நின்றால் வெல்லப்போகிறவர் அவர். அவரோ முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, முழுப் பலத்தோடு முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

உச்சி தாண்டிச் சரிவில் பஸ் தானாக உருண்டது. அக்கா கையை எடுத்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்த்தார்.

கிரேட் நோர்த் றோட், நியூ லின், பிறகு எங்கள் கிளென் ஈடன். எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தெருவின் மறு கோடியில் எங்கள் வீடு. வாசலில் கார்கள். படலையில் பட்டுச் சேலைகளும் சாமித் தட்டுகளுமாகச் சனம் காத்து நின்றது. அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிய முன், பஸ்ஸுக்குக் கீழே எதுவோ அலறியது. நீளமான ஒரு இரும்புத் தண்டு கழன்று றோட்டில் விழுந்து, கொஞ்சத் தூரம் எங்களோடு ஓடிவந்து, நின்றுவிட்டது. பஸ்ஸும் நின்றது.

எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சில்லுக்குத்தான் அந்தச் செய்தி போகவில்லை.

சனம் எங்களை நோக்கி வந்தது. முதலில் வந்தவர் குலசிங்கத்தார். அவர் குனிந்து கீழே பார்த்தார், தண்டைக் காலால் தட்டிப் பார்த்தார். தன் காருக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் புத்தம் புதிய மஞ்சள் நைலோன் கயிறு. உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. இந்த நாளுக்காகவே வாங்கி வைத்திருந்தார் என்று நான் சத்தியம் பண்ணுவேன். கற்பூரச் சத்தியம் பற்றிய கதை ஊர் முழுக்கத் தெரியும். பெண்கள் பஜனைக்கு மட்டுமா வருகிறார்கள்?

“இறங்கும் நவம்” என்றார் குலசிங்கத்தார். “என்ரை கார் இழுக்கும். திங்கட்கிழமை பேப்பருக்கு ரெலிபோன் நம்பரும் நானே தாறன்.”

அண்ணை இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. வெங்காய லொறியில் படுத்திருந்த மனிதர் எப்படி இருந்திருப்பார் என்று அப்போதுதான் என்னால் ஊகிக்க முடிந்தது. அக்காவும் பக்கத்தில் அசையாமல் இருந்தார். வென்றவர் முகமாக அது தெரியவில்லை.

மலேசியாக்காரர் சிவசாமி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். அவர் கூட்டுப் பிரார்த்தனையின் மிருதங்கம். வீட்டில் பிள்ளையார் இல்லையே, பஜனை எப்படித் தொடங்குவது என்பது அவர் கவலை.

“படத்தையாச்சும் கையில கொடுத்து விடுங்க அக்கா. நாங்க தூக்கிட்டுப் போயிடுறோம் லா.”

“ஐயோ, அது ஏலாது” என்றார் அக்கா, யோசிக்காமலே. “பஸ்ஸிலை எழுந்தருளப் பண்ணின சாமி. வாசலுக்குப் போய் ஆலாத்தி எடுத்தாப் பிறகுதான் இறக்கலாம். நடுறோட்டிலை இறக்க அது என்ன பார்சலோ?”

ஸ்டியரிங்கில் இருந்த கைகளில் ஒன்று மெல்ல விலகியதைக் கண்டேன்.

அண்ணை கதவைத் திறந்து இறங்கினார். செருப்புப் போடவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று, குரலைத் தாழ்த்தி, சந்தேகம் கேட்கிற மாணவன் மாதிரிக் கேட்டார்:

“குலசிங்கம் அண்ணை, உங்களைவிட இதிலை ஆருக்குத் தெரியும்? உள்ளுக்குச் சாமி எழுந்தருளியிருக்கு. நாலு பக்கமும் சில்லு. சுத்திவரச் சனம். பி.எஸ்சியின்ரை கையிலை சறுக்குக்கட்டை. உங்கட கையிலை வடம். எங்கட ஆக்கள் இதை என்னெண்டு சொல்லுறவை?”

குலசிங்கத்தார் சனத்தைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். தன் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

“முதல் வடம் பிடிக்கிற பரம்பரை இந்த ஓக்லாந்திலை உங்களைத் தவிர வேறை ஆரும் இருக்கினமோ?” என்றார் அண்ணை, இன்னும் தாழ்ந்த குரலில். “இல்லையெண்டாச் சிவசாமியைப் பிடிக்கச் சொல்லுவம்.”

சிவசாமி தயாராக ஒரு எட்டு முன்னால் வைத்தார். அதுதான் காரியத்தை முடித்தது. குலசிங்கத்தார் அவரைக் கையால் தடுத்தார். கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். சப்பாத்தைக் கழற்றினார். சால்வை இல்லாததால் யாரோ ஒருவரின் துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, வடம் இரண்டாக இருக்க வேண்டும், ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு என்று கட்டளை போடத் தொடங்கிவிட்டார். இரண்டாவது வடத்துக்கு எங்கள் பின்வளவில் உடுப்புக் காயப்போடுகிற கயிறு அவிழ்ந்து வந்தது.

“ஒரு நிமிஷம்” என்றார் அக்கா பஸ்ஸுக்குள் இருந்தபடியே. “மத்தியானம் எங்கட சமயத்திலை கயிறு தடை எண்டியள்.”

“அது வாகனத்துக்கு” என்றார் அண்ணை. “வாகனத்துக்குத்தான் சத்தியமும்.”

சிவசாமியின் மனைவி ரோஸ்மேரி சிரித்துவிட்டார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். பஜனை வீடுகளுக்கு வடைக்காக வருவதாகத் தானே சொல்வார். எங்கள் சர்ச்சிலும் மாதாவுக்குத் தேர் உண்டு, இழுத்துப் பழக்கம்தான் என்று சொல்லிப் பெண்கள் வடத்தில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

அரோகரா என்று குலசிங்கத்தார் குரல் கொடுத்தார். பஸ் அசைந்தது. அடுத்தடுத்த வீடுகளில் திரைச்சீலைகள் விலகின. ரக்பி பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சமோவாக்காரக் குடும்பம் முழுவதும் வெளியே வந்து, என்ன விஷயம் என்று கேட்காமலே வடத்தில் கை வைத்தது. அதன் பிறகு தேர் ஓடத்தான் செய்தது. அண்ணை உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். உஷா நிலத்திலிருந்து எழுந்து, கொஞ்ச நேரம் கதவுக்குள் நின்று பார்த்துவிட்டு, கைமணியை எடுத்து அடிக்கத் தொடங்கினாள். எங்கள் வீட்டு வாசல் ஏற்றம். அங்கேதான் என் படிப்பு உதவியது. ஒவ்வொரு இழுவைக்கும் பின்சில்லோடு ஓடி ஓடிக் கட்டை போட்டேன். என் மாமா கண்டிருந்தால் பட்டமளிப்பு விழாவில் காட்டாத சந்தோஷத்தைக் காட்டியிருப்பார்.

பஸ் வளவுக்குள் ஏறி நின்றது. கடைசிக் கட்டையைப் போட்டேன். குலசிங்கத்தார் கொங்கிறீற்றில் தேங்காய் அடித்தார். வியர்வையில் நனைந்து, துவாய் அவிழ்ந்து, இவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் கண்டதில்லை.

ரதி அக்கா ஆலாத்தித் தட்டோடு பஸ்ஸுக்கு முன்னால் வந்தார். மூன்று முறை சுற்றினார். சனம் நெருங்கி வந்தது. சத்தியம் என்ன ஆயிற்று என்பதை அவர் வாயால் கேட்கத்தான் அத்தனை பேரும் நின்றார்கள். அண்ணை சாரதி ஆசனத்தில் வென்ற முகத்தோடு இருந்தார்.

“குலசிங்கம் அண்ணை” என்றார் அக்கா. “இது தேர்தானே? வடிவாச் சொல்லுங்கோ.”

“தேர்தான். பின்னே? நான் எல்லோ வடம் பிடிச்சனான்.”

“அப்ப விக்கேலாது.”

“தேரை ஆரும் விப்பினமே, தங்கச்சி?”

அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“இன்னொண்டு கேக்கிறன். உங்கட ஊர்த் தேர் வருஷத்திலை எத்தினை தரம் வெளிக்கிடும்?”

“ஒருக்கா. திருவிழாவுக்கு மட்டும். மற்ற நேரம் இருப்பிலைதான் நிக்கும். கண்டபடி ஓட அது என்ன வாடகைக் காரோ?”

“அதைத்தான் கேட்டனான்” என்று சொல்லிவிட்டு அக்கா திருநீற்றைத் தொட்டு பஸ்ஸின் நெற்றியில் மூன்று கோடு இழுத்தார்.

அண்ணையின் முகம் மாறியதைக் கண்ணாடியில் நான் மட்டும்தான் கண்டேன். தேர் என்று சபையில் நிறுவியவர் அவரேதான். பிள்ளையாரை இறக்கினார்கள். பஜனை தொடங்கியது. வடை ஆறியிருந்தது.

அடுத்த வைகாசியில் தேர்த் திருவிழா நடந்தது. தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்தது. சமோவாக் குடும்பம் உறவினர்களையும் கூட்டிவந்தது. குலசிங்கத்தார் பட்டுச் சால்வை கட்டியிருந்தார்.

மற்ற நாட்களில் பஸ் வளவில் நிற்கிறது. கழன்ற தண்டை அண்ணை யாருக்கும் சொல்லாமல், கிழமைக்குக் கொஞ்சமாகக் கீழே படுத்துக் கிடந்து, திருப்பிப் பூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவார். பஸ் முழுதும் நடுங்கிக்கொண்டு நிற்கும். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்து முடிப்பார். இப்போது நித்திரை எப்படி என்று கேட்டேன்.

“ஓடும் எண்டு தெரிஞ்சாக் காணும், பி.எஸ்சி.”

தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுப்பது அக்காதான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார், அலுமாரிக்குள் விளக்கைத் தூண்டிவிடுவார், சில நாட்களில் பக்கத்து ஆசனத்தில் கொஞ்ச நேரம் இருப்பார். திரும்பி வரும்போது மட்டும் பஸ்ஸைச் சுற்றிப் பின்பக்கமாக வருவார். பின்சில்லுக்குக் கீழே சறுக்குக்கட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, காலால் இன்னும் ஒருமுறை நன்றாக உள்ளே தட்டிவிட்டுத்தான் குசினிக்குள் போவார்.